ராசு மாமாவின் விசில்

ஹட்டன் பஸ்ஸில், மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு முன்சீட்டுப் பெண் சொன்னாள்: "நேத்து ராசு மாமாவ அவரு விசிலோட சேத்துப் பொதைச்சிட்டாங்கக்கா."

பக்கத்திலிருந்தவள் சொன்னாள்: "நாப்பது வருசம் தோட்டத்து புட்போல் கிளப்ப கட்டி இழுத்தவரு. கையில வச்சு அனுப்புறது மரியாததானே."

"மழ பேஞ்சா நம்ம லயத்து வீடுகளுக்கு மேல மலையில மண்ணு வெடிச்சிருக்கான்னு ஏறிப் பாப்பாரு. வெடிச்சிருந்தா ஊதுவாரு. லயமே வெளிய ஓடிரும்."

"நம்ம டீம் தோக்குறப்பவும் நேரத்துக்கு முன்னாடியே ஊதிருவாரு."

இருவரும் சிரித்தார்கள். மழை வலுத்தது. சிரிப்பு நின்றது.

"விசில் கடையில வாங்கலாம்க்கா. ஏறிப் பாக்க யாரு இருக்கா?"

தோட்டத்து மேனேஜர் துரை நிச்சயம் ஏறமாட்டார்.

அக்கா போனை எடுத்து வீட்டுக்கு அழைத்தாள். "புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இப்பவே கோயிலுக்குப் போயிரு. சோறு கெடக்கட்டும்."