உப்புத் தண்ணீர் குடித்த புல்வெளி

புல் என்றால் எனக்கு உயிர், இன்ஸ்பெக்டர் ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். வல்லத்திராக்கோட்டையில் என் வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் நிலம். வெட்டிவேர், எலுமிச்சைப்புல், ஊசிப்புல், நடுநடுவே ஆவாரை, நித்தியகல்யாணி. வேர் பிடித்துவிட்டால் சித்திரை வெயிலிலும் தண்ணீர் கேட்காதவை. காற்றடித்தால் தோட்டமே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். மூன்று வருட உழைப்பு.

பக்கத்து வீட்டு நாகராசு சிங்கப்பூரிலிருந்து திரும்பி, பாய் மாதிரிச் சுருட்டிய புல்லை வாங்கி விரித்தார். தினமும் அதற்கு போர் தண்ணீர். பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், இங்கிட்டு ஒரே காடாக் கெடக்கு? நம்ம பிச்சைய விட்டு வெட்டச் சொல்லவா? பாம்பு வந்துரும்ல."

"வேணாங்க" என்று சிரித்தேன்.

மறுவாரம் ஜெகதாப்பட்டினம் போய் இரண்டு மூட்டை உப்பு வாங்கி வந்தேன். தென்னைக்கு என்றேன். எங்கள் பக்கம் தென்னைக்கு உப்பு வைப்பது வழக்கம்தானே.

அவர் தோட்டக்காரர் பிச்சை காலையில் டிரம்மை நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போவார். அந்தக் கால் மணி நேரம் எனக்குப் போதும். ஊற்றியது நான் இல்லை, ஐயா. பிச்சைதான், தன் கையாலேயே, வாளி வாளியாக, பதினெட்டு நாள். "இந்த மூலை காயுது பிச்சை, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்று வேலியோரம் நின்று சொன்னதுண்டு.

புல் பழுத்தது, பிறகு கருகியது. அந்தப் புல்வெளியில் நடக்கவிருந்த அவர் மகள் நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. நாகராசு அதன்மேல் உட்கார்ந்து அழுதார். யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டான் என்று பிச்சையை வேலையை விட்டு நிறுத்தினார்.

"ஆத்தா சத்தியமா நான் போடலைங்க" என்று பிச்சை எல்லோர் காலிலும் விழுந்தார். என் காலிலும்தான். தூக்கிவிட்டேன். எனக்கும் இரக்கம் உண்டு.

இப்போது மண் பரிசோதனையில் உப்பு தெரிந்துவிட்டது என்கிறீர்கள். ஆமாம், நான்தான். பிச்சையை விட்டுவிடுங்கள். காரணம் தண்ணீர்ச் சிக்கனம். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நிச்சயதார்த்தத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் படம் எடுக்க என் தோட்டத்துக்குத்தான் வந்தார்கள். நாற்பத்திரண்டு படம். ஒன்றில்கூட நாகராசின் வீடு விழாதபடி, எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் நானே சொல்லி நிறுத்தினேன்.