நாலாவது இறகு

காமிக்ஸ் விழாவுக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே பை எடுத்துப்போவது நல்லது. அங்கே விற்பவர்கள் சொந்தக் காசில் நகலெடுத்து, பின் அடித்துக் கொண்டுவருகிற பிள்ளைகள். பையெல்லாம் தர முடியாது. நான் எப்போதும் ஒரு மஞ்சள் பை வைத்திருப்பேன். நீங்கள் கைப்பற்றிய பொருள்களில் அதுவும் இருக்கும், ஐயா.

என் பெயர் ஜீவானந்தம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். இருபத்தாறு வருடமாக லாரிகளின் முதுகில் மயில், தாமரை, புலி என்று வரைகிறேன். படக்கதை என்றால் பத்து வயதிலிருந்து பைத்தியம். கட்டம் கட்டமாக நின்று பார்ப்பேன். முதல் கட்டத்தில் இடது கையில் இருந்த கடிகாரம் மூன்றாம் கட்டத்தில் வலது கைக்குப் போனால் எனக்குத் தெரிந்துவிடும். அதைச் சொல்லாமல் வர மாட்டேன். வரைந்தவருக்கு ரசிகன் செய்யக்கூடிய மரியாதை அதுதான் என்பது என் எண்ணம்.

விழா சேலத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மொய் எழுதும் மேசைகளையே கடைகளாகப் போட்டிருந்தார்கள். வாசலருகே ஃபர்ஹான் என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான். போன வருடம் அவன் கதையில்தான் அந்தக் கடிகாரம் கை மாறியது.

"வாங்க வாத்தியாரே, செவப்புப் பேனா கொண்டாந்தீங்களா?" என்றான். "இந்தத் தடவை எங்கிட்ட ஒண்ணும் சிக்காது. என் ஹீரோவுக்குக் கையே கெடையாது."

பிறகு அடுத்த மேசைப் பெண்ணிடம் திரும்பி, "தனப்பிரியாக்கா, உஷாரு. காசு குடுத்துத் தப்பு வாங்கறவரு இவரு" என்றான்.

தனப்பிரியாவுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவள் மேசையில் ஒரே புத்தகம்தான். பதினாறு பக்கம், கறுப்பு வெள்ளை. அட்டையில் தலைப்புகூட இல்லை, ஒரு மைல்கல் மட்டும்.

"நெசமா நடந்ததுங்க. படிச்சுட்டு ஏதாச்சும் தோணுச்சுன்னா சொல்லுங்க" என்றாள்.

நின்றபடியே படித்தேன். மார்கழி விடியற்காலை, பனி. ஒரு அப்பா ஒன்பது வயது மகளை மொபெட்டில் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார். பின்னாலிருந்து ஒரு லாரி இடிக்கிறது. லாரிக்காரன் இறங்கி வருகிறான். தலையைச் சுற்றி மஃப்ளர். முகம் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளை. அப்பாவைத் தூக்கி கேபினில் கிடத்துகிறான். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். நீ இங்கயே இரு சாமி, ஆளனுப்பறேன்" என்கிறான். லாரி போகிறது. புது லாரி, நம்பர் பலகை இல்லை. பின்கதவில் ஒரு மயில். கடைசி ஆறு பக்கமும் ஒரே படம்: மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தை. நிழல் மட்டும் நகர்கிறது.

நல்ல வேலை. பனியை வெறும் புள்ளிகளால் காட்டியிருந்தாள். ஆனால் மயிலின் தோகையில் மூன்று இறகு போட்டிருந்தாள்.

அப்போதே புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். உங்கள் ஏட்டையா அதையேதான் கேட்கிறார், ஏன்யா வாயைத் திறந்தே என்று. அவர் படக்கதை படிப்பவரில்லை.

"தோகையில நாலு இறகுங்க" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மூணு இல்லீங்களா?"

"நாலு. கதவுக் கொண்டி வர்ற எடத்துல அஞ்சாவதுக்கு எடம் பத்தாது. நாலாவது கொஞ்சம் மடங்கி நிக்கும்."

"வரைஞ்சு காட்டறீங்களா?" பென்சிலை நீட்டினாள். நான் வரைந்தேன், பழகிய கோடு. "அடியில கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றாள். ரசிகனிடம் கையெழுத்துக் கேட்கும் படைப்பாளியை நான் அதுவரை கண்டதில்லை. ஊரும் தேதியும் சேர்த்தே போட்டேன்.

"மாட்டுச்சு பாருக்கா தப்பு!" என்று ஃபர்ஹான் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"வேணும்னேதாங்க மூணு போட்டேன்" என்றாள் என்னிடம். "மூணு வருசமா எட்டு ஊருக்கு இதைத் தூக்கிட்டுப் போயிட்டேன். எல்லாரும் லாரி சூப்பர்னாங்க. நீங்க ஒருத்தருதான் எண்ணுனீங்க." நான் கையெழுத்துப் போட்டதை எடுத்து வைத்துக்கொண்டு, "எங்கப்பா எங்கீங்க?" என்றாள்.

புத்தகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். அவள் தடுக்கவில்லை. சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள்.

அந்த மயிலை விபத்துக்கு முந்தின நாள் பட்டறை ஆட்கள் போன பிறகு நான் தனியாக வரைந்தேன். மறுநாள் ஓமலூரில் வண்டியை ஒப்படைக்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பூசை. டிரைவர் வரவில்லை. எனக்கு லைசென்ஸ் கிடையாது, ஓட்டத் தெரியும். மல்லூருக்குக் கொஞ்சம் தள்ளி அது நடந்தது. குழந்தை என் முகத்தைப் பார்க்கவில்லை, மயிலைப் பார்த்துவிட்டது. அதனால் ஓமலூர் போவதற்குள் டர்பன்டைன் தொட்டு மயிலைத் துடைத்துவிட்டுத் தாமரை போட்டேன். அந்த மயில் இந்த உலகத்தில் ஒரு நாள்கூட முழுதாக இருக்கவில்லை. அதை ஒருத்தி பதின்மூன்று வருடம் மனதில் வைத்திருந்தாள். சொல்லக் கூடாதுதான், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தக் குழந்தையிடம் நான் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் கிளம்பினேன். ஆனால் அங்கே பெயர் கேட்பார்கள், லைசென்ஸ் கேட்பார்கள். பூசைக்குப் போகிற வண்டியில் உயிர் போனால் அதை யார் வாங்குவார்கள்? பட்டறையில் பதினெட்டுக் குடும்பம் சாப்பிடுகிறது. பனமரத்துப்பட்டி ஏரிக்குப் பிரிகிற ரோடு வந்ததும் வண்டியைத் திருப்பினேன்.

ஏரிக்குள் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. பழைய மதகுக்கு நேராக இருநூறு அடி உள்ளே ஒரு பள்ளம். உங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அளவெல்லாம் சரியாக இருக்கும். அவரை அதில் மெதுவாகத்தான் இறக்கினேன். நாய் நரி அண்டக் கூடாதென்று முள்ளை வெட்டி மேலே அடுக்கினேன். அடுக்கி முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தண்ணீர். நானும் ஏரிக்குத்தான் கொண்டுபோனேன், ஐயா. ஏரி வறண்டு கிடந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?