பாக்தாத்தில் விழுந்த பனி

ஜிலோலா: ...முடியாதுன்னா முடியாது. நாளைக்கு அரபித் தேர்வுல நான் அப்படித்தான் பேசுவேன்.

ஜாவ்லோன்: நம்ம வாத்தியார் சொல்லிக் குடுத்தது வேறயாச்சே?

ஜிலோலா: அவரு அரபு நாட்டையே பார்த்ததில்ல. தாஷ்கந்தைத் தாண்டாத அரபி! நாளைக்கு வர்றவரு கெய்ரோ பேராசிரியர். தேறினா ஒரு வருஷம் அங்க படிப்பு. எனக்கு இது ரெண்டாவது தடவை, மூணாவது கிடையாது.

ஜாவ்லோன்: அதான் சொல்றேன், புத்தகத்துல இருக்கறதைப் பேசு.

ஜிலோலா: புத்தகத்துல இருக்கறதை அங்க எவனும் வீட்ல பேசமாட்டான். எனக்குச் சொல்லித் தர்றது பாக்தாத்காரர்.

ஜாவ்லோன்: பாக்தாத்காரரா... யாரு?

ஜிலோலா: சமீர்னு பேரு. நெட்ல பழக்கம், ஆறு மாசமா மெசேஜ்லதான் பேச்செல்லாம்.

ஜாவ்லோன்: ஓ...

ஜிலோலா: ஏன் முகம் இப்படிப் போகுது? பொறாமையா?

ஜாவ்லோன்: சேச்சே! எனக்கும்தான் ஆளு இருக்கு. குவைத்துக்காரி.

ஜிலோலா: குவைத்தா?... கள்ளா, சொல்லவே இல்ல!

ஜாவ்லோன்: நீ மட்டும் சொன்னியா? ஆமா... உன் சமீர் குரல்ல பேசுவாரா?

ஜிலோலா: கேட்டா, நெட் சரியில்லன்னுவாரு.

ஜாவ்லோன்: ம்... அவளும் அதேதான் சொல்வா.

ஜிலோலா: ஒண்ணுதான்டா குழப்பமா இருக்கு. முதல் பனி விழுந்த அன்னிக்கு எனக்குப் பனிக் கடிதம் அனுப்பினாரு.

ஜாவ்லோன்: பனிக் கடிதமா? என்னன்னு?

ஜிலோலா: 'பனி என்னோடது, விருந்து உன்னோடது'ன்னு, அச்சு அசலா நம்ம ஊர்ல, வாங்கினவங்க தோத்தாங்க, விருந்து வைக்கணும்னு அனுப்பற மாதிரி. பாக்தாத்துல ஏதுடா பனி?

ஜாவ்லோன்: அங்கயும்... வழக்கம் இருக்குமோ என்னவோ. நீ என்ன பதில் போட்ட?

ஜிலோலா: 'தோத்துட்டேன், புலாவ் என் பொறுப்பு'ன்னு.

ஜாவ்லோன்: மஞ்சள் கேரட் போட்டு...

ஜிலோலா: ஆமா, மஞ்சள் கேரட்... ஏய், அது உனக்கெப்படித் தெரியும்?

ஜாவ்லோன்: ஜிலோலா... அவர்கிட்ட உனக்கு எந்த ஊருன்னு சொன்ன?

ஜிலோலா: அது எதுக்கு இப்போ?

ஜாவ்லோன்: சொல்லேன்.

ஜிலோலா: தாஷ்கந்துல படிக்கிறேன்னா நெட்ல அரபுக்காரங்க ஒருத்தரும் பதில் போடலடா. அதனால... குவைத்துன்னு...

ஜாவ்லோன்: பேரு மரியம்னு.

ஜிலோலா: ஐயோ! அப்ப சமீர்...

ஜாவ்லோன்: எனக்கும் எவனும் பதில் போடல. அதான் பாக்தாத்துன்னு...

ஜிலோலா: பாவி! விடிஞ்சா தேர்வு... நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கறது பூரா நீ எழுதின அரபி! அதையெல்லாம் எங்கேர்ந்துடா எடுத்த?

ஜாவ்லோன்: நீ எழுதினதுலேர்ந்துதான்... குவைத்துக்காரி எழுதினா சரியாத்தானே இருக்கும்னு.