பூ பக்கம் மேல

இரு சார், தொல்லியல் ஆபீசருன்னு சொல்லிகினு வந்ததுலேர்ந்து காசு எங்க, காசு எங்கன்னு அதையே கேக்கறியே. போனைக் குடு, இன்னொரு வாட்டி பாக்கறேன். ஆமா, இதான். வாட்ஸப்ல சுத்துதே, இந்த போட்டோ எடுத்ததே நான்தான். ஏரிக்கரையாண்ட வட்டச் செயலாளர் பொறந்த நாளுக்கு பேனர் கட்டக் குழி தோண்டுனேன், இந்தக் காசு கடப்பாறையில மாட்டிச்சி.

பதினெட்டு வருசமா பிளெக்ஸ் அடிக்கறவன் சார் இந்தத் துரை. இன்னா நாட்டுக் காசுன்னு தெரியாது, ஆனா இது பேனர்னு பாத்ததும் தெரிஞ்சிச்சி. ஒரு பக்கம் தலைவர், சைடு போஸ். தலையில மாலை, சுத்தி பட்டப் பேரு. இன்னாது, ரோம் ராஜாவா? ரெண்டாயிரம் வருசமா? அப்பவே ஆரம்பிச்சிட்டானுங்களா இந்த வேலைய. ஆனா கெத்துதான். கீழ ஸ்டாம்பு சைசுல வட்டம், மாவட்டம்னு ஒருத்தனையும் சேக்கல பாரு.

காசு பின்பக்கம் ஒரு பொம்பள குந்திகினு கீதே, அது அவன் பெத்த தாயின்னு சொல்றாங்களா? எங்கம்மா ஒத்துக்கவே ஒத்துக்காது சார். கையில கெளை கீது இல்ல, அது வேப்பிலைன்னுச்சி. ஆலிவா? பீர்க்கன்கரணையில ஏது சார் ஆலிவு? எல்லம்மாவே வூடு தேடி வந்துட்டான்னு மஞ்சத் தடவி தலகாணிக்கு அடியில வெச்சிகிச்சி. படுத்த படுக்கையா கீற பொம்பளையாண்ட நான் இன்னாத்த வாதாடறது.

இல்ல சார், விக்கல. உருக்கவும் இல்ல.

போன மாசம் அம்மா பூட்ச்சி. இந்த ஏரியாவுல யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி நான்தான் அடிப்பேன். பெத்தவளுக்கு அடிக்கலாம்னு ஒக்காந்தா, வூட்ல ஒரு போட்டோ இல்ல. ஆதார்ல கீற மூஞ்சியப் பெருசாக்குனா வெறும் கட்டம் கட்டமா வருது. கம்ப்யூட்டர் முன்னாடியே அழுதுட்டேன் சார்.

அப்புறம் குளிப்பாட்டிட்டு, நெத்தியில ஒட்ட ஒரு ரூபா குடுன்னாங்க. செத்தவங்களுக்கு வெக்கறதுதான, உனக்குத் தெரியாததா. பாக்கெட்டத் தடவுறேன், சில்லறையே இல்ல. இப்பல்லாம் எல்லாமே போன்லதான. தலகாணிக்கு அடியில இது இருந்துச்சி. ராஜா மூஞ்சி கீழ, எல்லம்மா கீற பூ பக்கம் மேல, நானே ஒட்டுனேன்.

எரிக்கல சார், எங்க ஜனம் பொதைக்கறதுதான். சுடுகாட்டுல கேட்டுக்குள்ள பூந்ததும் ரெண்டாவது வரிசை. தோண்டியே ஆவணும்னா ஆர்டர் எடுத்துகினு வா. வர்றப்ப மறக்காம ஒரு ரூபா காயின் கொண்டாந்துரு, அம்மா நெத்தி காலியாப் பூடும்.