தோல் மாத்தப் போன மத்தளம்

ராஸ்மினி: காப்பி ஆறுதுங்க. கமெலான் மேளப் போட்டியில தோத்தவங்களுக்குக் காப்பி கூட இறங்காதோ?

மெர்த்தா: இறங்கும், இறங்கும். நீ சாமிக்கு ஓலைத்தட்டு மடக்குற வேலையப் பாரு.

ராஸ்மினி: பாத்துக்கிட்டுத்தான் பேசுறேன். சாமிக்குக் கை, உங்களுக்கு வாய்.

மெர்த்தா: நாங்க தோத்ததுல உனக்கு என்னடி இவ்ளோ சந்தோஷம்? மூணு வருஷமா இது உன் ஊரும்தான்.

ராஸ்மினி: பைக்ல தூக்கிட்டு வந்தா என் ஊராயிடுமா?

மெர்த்தா: தூக்கிட்டா? துணிமூட்டையோட வேலிகிட்ட நின்னு, "ஏன் இவ்ளோ நேரம்?"னு கேட்டது யாரு?

ராஸ்மினி: சரி, சரி... அத விடுங்க. ஜெயிச்சது நான் பொறந்த ஊரு. மத்தளம் வாசிச்சது என் தம்பி தர்மவான். சிரிக்கக் கூடாதா?

மெர்த்தா: சிரி. ஆனா வெண்கலப் பட்டையெல்லாம் எங்க பக்கந்தான் நல்லாப் பேசுச்சு. பெரிய சேகண்டியும்...

ராஸ்மினி: மத்தளம்?

மெர்த்தா: ...மத்தளத்துக்கு என்ன?

ராஸ்மினி: தர்மவானோட மத்தளம் கீச்சுக் குரலுங்க. நேத்து கும்முனு இருந்துச்சு. எங்கயோ கேட்ட சத்தம்.

மெர்த்தா: உன் தம்பி வாசிச்சா நீ கேட்டிருக்க மாட்டியா?

ராஸ்மினி: பரண்ல இருக்குமே உங்க பழைய மத்தள ஜோடி, அந்தச் சத்தம். பாலி முழுக்கத் தேடினாலும் வேற கிடைக்காதுன்னு நீங்கதானே பீத்திப்பீங்க?

மெர்த்தா: அது... தோல் மாத்தப் போயிருக்கு.

ராஸ்மினி: எங்க?

மெர்த்தா: கியான்யார்ல... ஒரு ஆளுகிட்ட.

ராஸ்மினி: சாக்குல சுத்தி, பின்வாசல் வழியாவா?

மெர்த்தா: பாத்துட்டியா!

ராஸ்மினி: பன்னிக்குத் தவிடு வெச்சிட்டிருந்தேன். பன்னியும் பாத்துச்சு.

மெர்த்தா: மெல்லப் பேசுடி! எங்க ஆளுங்க காதுல விழுந்தா என்னைக் குழுவ விட்டே தூக்கிடுவாங்க. "உன் மத்தளத்தாலயே நம்மள அடிச்சுட்டானே"ம்பாங்க.

ராஸ்மினி: என்னைக் கூட்டிட்டு வந்த அன்னிலேர்ந்து உங்க முகத்தையே பாக்காதவன். கோயில்ல எதிர்ல வந்தா அந்தப் பக்கம் திரும்பிப்பான். அவனுக்குப் போயி...

மெர்த்தா: அவனே வந்தான். வரப்புல நின்னு, தலையக் குனிஞ்சுக்கிட்டு, "மத்தளத்துத் தோல் கிழிஞ்சு போச்சு, ரெண்டு நாள்ல போட்டி"ன்னான். அப்புறம்... "அத்தான்"னான்.

ராஸ்மினி: அத்தான்னா கூப்பிட்டான்?

மெர்த்தா: ம்... மொதத் தடவையா. என்ன பண்ணச் சொல்ற? ஒரு ஜோடி என்ன, மொத்த கமெலானையும் தூக்கிக் குடுத்திருப்பேன்.

ராஸ்மினி: அதான் மொத்தமாத் தோத்துட்டீங்களே!

மெர்த்தா: தோத்தா தோத்துட்டுப் போறோம். சாயங்காலம் திருப்பிக் குடுக்க வர்றான். சாப்பிட்டுத்தான் போகணும்னு சொல்லிட்டேன். கோழி அடிச்சுடு.

ராஸ்மினி: அடிச்சுடுறேன்... அவனுக்குப் பிடிச்ச மாதிரியே.

மெர்த்தா: ஏய்... எதுக்குக் கண்ணத் தொடைக்கிற?

ராஸ்மினி: ஓலை குத்திடுச்சு.

மெர்த்தா: கண்ணுலயா? சரி, சரி. பாவம், அவன் மத்தளத்துக்கு நானே புதுத்தோல் போட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன். எவ்ளோ கிழிஞ்சிருக்குன்னு கேட்டு வையி.

ராஸ்மினி: கிழியவே இல்லங்க. "அத்தான்கிட்ட எப்படிக்கா போயிப் பேசுறது?"ன்னு சந்தையில நின்னு அழுதான்... நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.