குப்பை என்று தேடினால் வரும் கிணறுகள்

"ஹலோ… அக்கா, வச்சிடாதே… அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காங்க… ஆபீஸ்லருந்துதான் பேசறேன்… நான் கூப்பிட்டாலே ஏதோ வில்லங்கம்னு முடிவே பண்ணிட்டியா?… சரி, வில்லங்கம்தான்."

பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாவது மாடியில், ஆராய்ச்சித் தரவுக் களஞ்சியத்தைக் கவனிப்பது தம்பியின் வேலை. யார் எதை அளந்து போட்டிருந்தாலும் அதைத் தேடுகிறவர் கண்ணில் படவைக்க அவனுக்குச் சம்பளம். தன் மூக்குக்கண்ணாடியை அவனே கண்டுபிடித்ததாகச் சரித்திரம் இல்லை என்பது வேறு கதை. மறுமுனையில் அக்கா, அத்தானின் டயர் கடையில் இருந்தாள். அவளுக்கு முன்னால் காற்றடிக்கும் இயந்திரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"அந்த மிஷினை நிறுத்தச் சொல்லேன்… ம், இப்ப கேக்குது. அக்கா, இங்க 'குப்பை'ன்னு ஒரு டேட்டா கிடக்குது. போட்டவங்க பேரு 'ஒருத்தி'… நீதானே?… எப்படித் தெரியுமா? கிணத்துக்கு 'மூணு நாய் போர்வெல்', 'வழுக்கி விழுந்த கிணறு'ன்னு பேரு வைக்கறவ உன்னை விட்டா வேற எவ இருக்கா?… அழிக்கறதா? இரு, கேளு… கேளேன். காலையில ஒரு இன்ஜினியர் கூப்பிட்டுக் கிழிச்சுத் தொங்கவிட்டார். குப்பைக் கிடங்கு பத்தித் தேடினாராம், கிணறா வந்து விழுதாம்… சிரிச்சியா?… இருமினியா. சரி, சரி."

நாலு வருடம் வெயிலில் அலைந்து, ஊர் ஊராய்க் கிணற்று நீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடை அளந்தவள் அக்கா. அக்காவும் தம்பியும் உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்திருந்த அவளுடைய பேராசிரியர், எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். தலைப்புக் கட்டத்தில் அவள் அந்தச் சொல்லையே போட்டாள், களஞ்சியத்தில் ஏற்றினாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று தொட்டு டயருக்கு ரசீது எழுதுகிறாள்.

"அவரை விடு. அதுக்காகக் கூப்பிடலை… நீ அளந்த பக்கம் ஒரு பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியை எனக்கு எழுதியிருக்காங்க. பிள்ளைங்க பல்லெல்லாம் காவி பிடிச்சுப் போச்சாம். ரெண்டு பேருக்கு முழங்கால் வளையுதாம்… ஆமா… ஆமாக்கா. புது போர்வெல் எங்க போடறதுன்னு மத்தியானம் கூட்டம். மைதானத்துக்குப் பின்னாலன்னு ஏறக்குறைய முடிவு… அதேதான், மூணு நாய் பக்கம்… நீ அளந்ததுலயே அதுதானே மோசம்?… அவங்க தேடாம இல்ல. 'நிலத்தடி நீர்'னு தேடியிருக்காங்க, 'பல் கறை'ன்னு தேடியிருக்காங்க. ஒண்ணும் வரலை. 'குப்பை'ன்னு தேடணும்னு அவங்களுக்கு ஜோசியமா தெரியும்?… அனுப்பலாம்தான். 'தலைப்பு குப்பை, எழுதியது ஒருத்தி'ன்னு கூட்டத்துல காட்டினா, டீ கொடுத்து வெளிய அனுப்பிடுவாங்க… என்ன?… சத்தமா சொல்லு."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அந்த அளவுகள் தப்பாக இருந்தால் என்று கேட்டாள். வீட்டில் எல்லோரையும் அதட்டியே பழகிய அந்தக் குரல், யாரோ முன்பின் தெரியாதவள் குரல் மாதிரி வந்தது. கைவசம் வைத்திருந்த நாலைந்து கிண்டல்களை அவன் அப்படியே விழுங்கினான்.

"உம்மணாமூஞ்சி சொன்னது அதைத்தானா?… இதை நீ சொல்லவே இல்லையே… ம்… ம். மீட்டர் கெட்டுப் போய் வேற மீட்டர் வாங்கின. அதுக்கப்புறம் அளந்தது உனக்கே நம்பிக்கையில்ல… எத்தனை கிணறு?… கடைசி ஏழு. மூணு நாய் அதுல வருதா?… வரலையா. அது பழைய மீட்டர். மழைக்கு முன்னாலயும் பின்னாலயும் அளந்தே. ரெண்டும் ஒத்துப்போச்சு… அப்ப அதையே எழுதுவோம். விளக்கம்னு ஒரு கட்டம் இருக்கே, அது வேற எதுக்கு? 'கடைசி ஏழு கிணத்தை நம்பாதீங்க, திரும்ப அளங்க'ன்னு… இதுல என்னக்கா அசிங்கம்? இங்க இருக்கிற மத்தவங்க எல்லாம் தெய்வம் மாதிரி அளந்திருக்காங்க. ஒருத்தர் மீட்டர்கூடக் கெடலை. அதைப் பாத்தாதான் எனக்குப் பயமா இருக்கு."

மறுமுனையில் யாரோ ஏதோ விலை கேட்டார்கள். அவள் சொல்லிவிட்டு வந்தாள்.

"வந்துட்டியா? சொல்லு, அடிக்கறேன். தலைப்பு, 'ஆத்துத் தண்ணியில'… ஐயோ, கிணத்துத் தண்ணிதான், கை தடுமாறிடுச்சு… 'குடிநீர்க் கிணறுகளில் ஃபுளோரைடு அளவு'… 'ஃபுளோரைடு'ன்னு சரியாத்தான் போட்டிருக்கேன், நீ கத்தாதே. தேடு சொல்?… பல் கறை… போர்வெல்… எலும்பு வளைவு… 'மூணு நாய்' எதுக்கு?… ஓ, அந்த ஊர்ல எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்களா? அப்ப சரி. இப்ப பேரு… 'ஒருத்தி' சரிப்படாதுக்கா. கூட்டத்துல யாராவது சந்தேகம் கேட்டா, போனை எடுக்க ஒரு ஆள் வேணாமா?… இருக்கும். பயமாத்தான் இருக்கும்… நான் அவசரப்படுத்தலை. கூட்டம்தான் அவசரப்படுத்துது… சொல்லு… அப்பா பேரோடயா, அத்தான் பேரோடயா?… வெறும் உன் பேரு. சரி."

அடித்தான். இத்தனை வருடம் அவள் பெயரை அவன் எழுதியதே இல்லை, அக்கா என்றே முடிந்துபோயிருந்தது. ஒரு எழுத்துக்குச் சற்று யோசிக்க வேண்டியிருந்தது.

"இப்ப உன் போனுக்கு ஒண்ணு வரும். 'சம்மதம்'னு இருக்கிறதை அமுக்கணும். போட்டவங்க ஒத்துக்காம நான் ஒரு புள்ளியைக்கூட நகர்த்த முடியாது… பழைய தலைப்பா? எடுத்துடறேன்… வேண்டாமா?… 'முந்தைய பெயர்'னு ஒரு கட்டம் இருக்கு, வைக்கலாம்தான். எதுக்குக்கா? அந்த இன்ஜினியர் மறுபடி வந்து என் கழுத்தைப் பிடிப்பார்… யாருக்காக?… ஓ… உம்மணாமூஞ்சிக்காகவா… ஆமா, அவருக்கு அந்தப் பேரு ஒண்ணுதானே தெரியும்… வரும்கா. 'குப்பை'ன்னு தேடினா, உன் பேரோட வரும்… ஹலோ? அமுக்கிட்டியா?… அக்கா?…"

காற்றடிக்கும் இயந்திரம் ஒருமுறை உறுமியது. இணைப்பு அறுந்தது.

தேடல் கட்டத்தில் 'பல் கறை' என்று அடித்தான். ஒன்றும் இல்லை என்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி அடித்தான். ஒன்று இருந்தது, அவள் பெயரோடு.