கெட்டுப்போன ஜெர்மன்காரர்

ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரே சிக்னலில் ஆபீஸ் பஸ் மூன்றாவது முறையாக நின்றது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் களைத்துப்போன குரலில் தமிழ் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஜெர்மன்காரரை நாம கெடுத்துட்டோம்க்கா."

"ஏன்டி? இன்னைக்கு கேக் வெட்டி நல்லாத்தானே ஊருக்கு அனுப்பிவச்சோம்?"

"மூணு வருஷமா அவருகிட்ட எது கேட்டாலும் ஆமா, இல்ல, ரெண்டே பதில்தான். நாம 'பாக்கலாம்'னு சொன்னா, 'அப்போ முடியாது, அதானே?'ன்னு சிரிப்பாரு."

"ஹவ், ஆமாடி, என்னை எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்காரு! ஜெர்மன்காரங்க கடிகாரத்தை முழுங்கிட்டுப் பிறந்தவங்கன்னு நானும் பதிலுக்குக் கிண்டல் பண்ணாம விடமாட்டேன்."

"இன்னைக்கு லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். திரும்ப ஹைதராபாத் வருவீங்களான்னு கேட்டேன்."

அக்கா ஜன்னலிலிருந்து திரும்பினார். "என்ன சொன்னாரு?"

"நம்மள மாதிரியே தலைய ஆட்டிட்டு, 'பாக்கலாம்'னாரு."